நாடாளுமன்றமா, மக்களா, அரசியலமைப்பா? இறையாண்மை யாரிடம் இருக்கிறது?

பெயரளவு இறையாண்மை, சட்ட இறையாண்மை, அரசியல் இறையாண்மை, மக்கள் இறையாண்மை, சட்டப்படியான இறையாண்மை, நடைமுறை இறையாண்மை என்று பாடநூல் அடுக்குகிறது. நாடாளுமன்ற மக்களாட்சியில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா, இருந்தால் உண்மையானது எது, தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வகைகளுக்கான இலக்கணம் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். உங்கள் கேள்விக்குள் இருக்கும் சிக்கல் வேறு. தனக்கு மேலே வேறொருவர் இல்லாத அதிகாரத்தைத்தான் இறையாண்மை என்கிறோம். அது எப்படி ஒரே நாட்டில் இத்தனை பேரிடம் இருக்கும்? இருவர் மோதிக்கொண்டால் யார் சொல் நிற்கும்? அரசியலமைப்புச் சட்டம் கற்பித்த ஆண்டுகளில், சிந்திக்கும் மாணவர்கள் எல்லோரும் வந்து நின்ற இடம் இதுதான். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த வகைப்பாடு எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1576இல் பிரான்சில் ஜீன் போடினும், 1651இல் இங்கிலாந்தில் தாமஸ் ஹாப்ஸும் இறையாண்மையைப் பற்றி எழுதியபோது அவர்கள் கண்முன் இருந்தது உள்நாட்டுப் போர். சண்டையை நிறுத்த ஒரே ஒரு இறுதி அதிகாரம் தேவை, அது பிரிக்க முடியாதது என்றார்கள். முடிமன்னர் ஆட்சிக்கு அது பொருந்தியது. 1832இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் அதே கருத்தைச் சட்டவியலுக்குள் கொண்டுவந்தார்: எவருடைய ஆணைக்கு மக்கள் வழக்கமாகப் பணிகிறார்களோ, எவர் வேறு எவருக்கும் பணிவதில்லையோ, அவரே இறையாளர். இந்த அளவுகோலைத் தன் நாட்டின்மீது வைத்துப் பார்த்தபோது ஆஸ்டினுக்கே தடுமாற்றம் வந்தது. மன்னரும் பிரபுக்களும் மக்களவையைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களும் சேர்ந்தே இறையாளர் என்று அவர் சொல்ல நேர்ந்தது. வாக்காளர்கள் சட்டம் இயற்றுவதில்லை. நீதிமன்றம் அவர்கள் சொல்லைச் சட்டமாக ஏற்பதும் இல்லை. பிறகு அவர்கள் எப்படிச் சட்டத்தின் ஊற்றாக முடியும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஆங்கிலேயச் சட்டப் பேராசிரியர் ஏ. வி. டைசி. 1885இல் வெளியான தன் நூலில் அவர் இரண்டையும் தனியே பிரித்தார். நீதிமன்றங்கள் எவருடைய சொல்லைச் சட்டமாக ஏற்கின்றனவோ அவர் சட்ட இறையாளர். பிரிட்டனில் அது மன்னர், பிரபுக்கள் அவை, மக்களவை மூன்றும் சேர்ந்த நாடாளுமன்றம். இறுதியில் எவருடைய விருப்பம் நிறைவேறுகிறதோ அவர் அரசியல் இறையாளர். அது வாக்காளர் தொகுதி. நீங்கள் படிக்கும் பட்டியலின் கரு இங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதனுக்காக வெட்டிய சட்டையை ஓர் அமைப்புக்குப் போடப் பார்த்ததால் வந்த தையல்கள்தாம் இந்த வகைகள். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கேள்விக்கு விடை சொல்கிறது: யார் பெயரால் ஆட்சி நடக்கிறது, யார் சொல் சட்டமாகிறது, யார் விருப்பம் கடைசியில் வெல்கிறது, அதிகாரத்தின் மூலம் எது, ஆளும் உரிமை சட்டப்படி யாருடையது, யாருக்கு மக்கள் உண்மையில் பணிகிறார்கள். கேள்விகள் வேறு என்பதால் விடைகளும் வேறாக இருப்பதில் முரண்பாடு இல்லை. இதுவரை சொன்னதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கல் மோதலின்போதுதான் வருகிறது.

பெயரளவு இறையாண்மையை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் மன்னரின் ஒப்புதல் இல்லாமல் மசோதா சட்டமாகாது. ஆனால் கடைசியாக ஒப்புதல் மறுக்கப்பட்டது 1708இல், ஆன் அரசியின் காலத்தில். ஜப்பானில் 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இன்னும் வெளிப்படையானது: பேரரசர் நாட்டின் அடையாளம், அவருடைய நிலையே இறையாண்மை கொண்ட மக்களின் விருப்பத்திலிருந்து வருகிறது என்று முதல் பிரிவே சொல்லிவிடுகிறது. இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்பதை 1976இன் 42ஆவது திருத்தம் எழுத்திலேயே கட்டாயமாக்கியது. 1978இன் 44ஆவது திருத்தம், ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற சிறு இடைவெளியைத் தந்தது. அந்த இடைவெளி வெறும் அலங்காரம் அல்ல. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் பரிந்துரையைக் கே. ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது.

இந்த இடத்தில் பாடநூல்கள் அவசரப்பட்டு "பெயரளவு" என்று முடித்துவிடுகின்றன. 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவில் மன்னரின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் ஜான் கெர், கீழவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் கஃப் விட்லத்தைப் பதவிநீக்கம் செய்தார். மேலவை நிதி மசோதாக்களை நிறுத்திவைத்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. புதிய பிரதமரான மால்கம் ஃபிரேசர்மீது நம்பிக்கையில்லை என்று கீழவை அன்றே தீர்மானித்தது. ஆனாலும் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பரில் நடந்த தேர்தலில் ஃபிரேசரின் கூட்டணி பெரும் வெற்றி பெற்றது. அந்த வெற்றி கெரின் செயலுக்கு மக்கள் அளித்த ஒப்புதல் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதல்ல. வாக்குச்சீட்டில் அந்தக் கேள்வி இல்லை. பொருளாதாரம், ஆட்சியின் குளறுபடிகள் என்று பல காரணங்களுக்காக மக்கள் வாக்களித்திருப்பார்கள். பெயரளவுத் தலைவரிடம் எழுதப்படாத ஒதுக்கு அதிகாரம், அதாவது அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமலே தானாகச் செயல்படும் அதிகாரம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது இன்றும் தீராத வழக்கு.

அடுத்தது சட்ட இறையாண்மை. இதில்தான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன். நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எதையும் நீக்கலாம், அதன் சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது டைசியின் கோட்பாடு. அவர் காட்டிய சான்றே நம்மைத் திடுக்கிட வைக்கும். மூன்றாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1716இல் தன் ஆயுளைத் தானே ஏழு ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டது. வாக்காளர்களைக் கேட்கவில்லை. சட்டப்படி அது செல்லும். 1911இல் காலம் ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், போரைக் காரணம் காட்டி ஆண்டுதோறும் நீட்டித்து 1945 வரை அமர்ந்திருந்தது. அப்படியென்றால் சட்ட இறையாளர் தேர்தலையே தள்ளிப்போட்டு அரசியல் இறையாளரின் வாயை மூட முடியும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. பிரபுக்கள் அவையின் தடுப்பதிகாரத்தை வெட்டிய அதே சட்டம், நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவுக்கு மட்டும் அந்தத் தடுப்பை விட்டுவைத்தது. நாடாளுமன்ற ஆட்சியின் மிக மென்மையான நரம்பு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: இரண்டு இறையாளர்களையும் இணைப்பது தேர்தல் நாள் ஒன்றே.

இந்த இரண்டும் வெளிப்படையாக மோதிய அண்மைக்கால நிகழ்வு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியது. 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற வேண்டும் என்றார்கள். சட்டப்படி அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. அரசு தானாகவே வெளியேறும் அறிவிப்பை அனுப்ப முடியாது, நாடாளுமன்றச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் 8க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சட்ட இறையாளருக்கு முழு வெற்றி. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். மக்களவை உறுப்பினர்களில் பெரும்பாலானோர் ஒன்றியத்தில் நீடிப்பதையே ஆதரித்தவர்கள். அதே அவை பிப்ரவரி 1 அன்று 498க்கு 114 என்ற கணக்கில் வெளியேறும் மசோதாவை முன்னெடுத்தது. தம் அறிவுக்கு எதிராக அவர்களைக் கைதூக்க வைத்தது எந்தச் சட்டமும் அல்ல, வாக்காளர்களின் விருப்பம். டைசி பிரித்துக் காட்டிய இரண்டையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாக்கெடுப்பை நான் அறியேன்.

நாடாளுமன்ற இறையாண்மை என்று நாம் பேசும்போது மறந்துவிடும் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பான்மைக் கட்சியின் தலைவர்களே அமைச்சரவையாக இருப்பதால், நாடாளுமன்றத்தின் வரம்பற்ற அதிகாரம் நடைமுறையில் அமைச்சரவையின் கைக்குப் போகிறது. 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு நிறுத்திவைக்க ஆலோசனை சொன்னபோது, பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். நாடாளுமன்றத்தின் இறையாண்மையை நீதிமன்றம் காத்தது அதன் சொந்த அமைச்சரவையிடமிருந்து என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கச் செய்கிறது. கட்சித்தாவலைத் தடுக்க அது தேவைப்பட்டது உண்மை. ஆனால் அமைச்சரவையைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினரின் வாக்கைக் கட்சித் தலைமையிடம் ஒப்படைத்ததும் அதுவே. இந்த விலை மிக அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவுக்கு வருவோம். டைசி சொன்ன பொருளில் சட்ட இறையாளர் இந்தியாவில் இல்லை. இதை 1964ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று அழகாகத் தீர்த்துவைத்தது. உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் அவமதிப்புக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அவருக்குப் பிணை கொடுத்தார்கள். சட்டமன்றம் அந்த நீதிபதிகளையே காவலில் கொண்டுவர ஆணையிட்டது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைப் போன்ற இறையாண்மையை இங்குள்ள எந்தச் சட்டமன்றமும் கோர முடியாது, எல்லா அமைப்புகளும் எழுதப்பட்ட அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டவை என்பது அந்தக் கருத்தின் சாரம். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் தொடங்குவது அரசியலமைப்பையே திருத்தும் அதிகாரத்தில். அடிப்படை உரிமைகளைத் திருத்திக் குறைக்க முடியாது என்று 1967இல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், 6க்கு 5 என்ற பெரும்பான்மையில். முடியும் என்று 1971இல் 24ஆவது திருத்தம். திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அரசியலமைப்பின் உயிரான கூறுகளை, குலைக்கக் கூடாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 7க்கு 6. திருத்தும் அதிகாரத்துக்கு எந்த வரம்பும் இல்லை என்று 1976இல் 42ஆவது திருத்தம். அந்தப் பகுதியே செல்லாது என்று 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கு. அரசியலமைப்பு தந்த அளவான அதிகாரத்தைக் கொண்டு அளவற்ற அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்பது கடைசித் தீர்ப்பின் வாதம். அப்படியானால் நீதிமன்றம்தான் இறையாளரா என்று கேட்பீர்கள். இல்லை என்பது என் விடை. நீதிமன்றத்தால் சட்டத்தைத் தொடங்கி வைக்க முடியாது, வரி போட முடியாது, படை நடத்த முடியாது. வேண்டாம் என்று சொல்ல மட்டுமே முடியும். ஆனாலும் எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. ஜெர்மனியில் எந்தெந்தக் கொள்கைகளைத் திருத்தவே கூடாது என்பது 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 79ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில் அந்த எல்லையை நீதிபதிகளே வரைந்தார்கள், அதுவும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். அதன் முழுப் பட்டியலும் எங்கும் இல்லை. இந்தக் கோட்பாட்டை நான் ஆதரிக்கிறேன், ஆனால் எழுத்தில் இல்லாத எல்லை என்பது அதன் பலவீனம் என்பதை மறுக்க மாட்டேன்.

மக்கள் இறையாண்மையை அரசியல் இறையாண்மையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாக்காளர்கள் வேறு, மக்கள் வேறு. வாக்குரிமை பெறாத குழந்தையும், தேர்தலில் தோற்ற கட்சிக்கு வாக்களித்தவரும், இனிப் பிறக்கப்போகிறவரும் மக்கள்தாம். இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதை இலங்கை காட்டுகிறது. அது தூய நாடாளுமன்ற முறை அல்ல, நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி இருக்கிறார். ஆனாலும் இந்தப் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவு, இறையாண்மை மக்களிடம் உள்ளது, அதைப் பராதீனப்படுத்த (பிறருக்குக் கைமாற்ற) முடியாது, வாக்குரிமையும் அதில் அடங்கும் என்கிறது. நான்கே ஆண்டுகளில், 1982 டிசம்பரில், 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளை 1989 வரை நீட்டிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சரி என்றார்கள். பொதுத்தேர்தல் நடக்கவில்லை. சட்டத்தின் எழுத்துப்படி அது மக்கள் இறையாண்மையின் பயன்பாடு. என் பார்வையில், ஒரு நாளின் பெரும்பான்மை மற்ற எல்லோருடைய வாக்குரிமையையும் ஆறு ஆண்டுகளுக்கு அடகுவைத்த செயல் அது. எல்லாவற்றுக்கும் பொதுவாக்கெடுப்பே மருந்து என்று நம்புகிறவர்கள் இந்த நிகழ்வை ஊன்றிப் படிக்க வேண்டும். அதே அரசியலமைப்பின் கீழ், 2018இல் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் காலத்துக்கு முன்பே கலைத்தபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 13 அன்று ஒருமனதாகத் தீர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டப்படி ஆளும் உரிமை யாருக்கு என்பது சட்டப்படியான இறையாண்மை, மக்கள் உண்மையில் யாருக்குப் பணிகிறார்கள் என்பது நடைமுறை இறையாண்மை. இந்த வேறுபாட்டுக்கு இராணுவப் புரட்சிகளைத்தான் பலரும் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். நாடாளுமன்ற ஆட்சியோடு நேரடியாகத் தொடர்புள்ள சான்று, அன்று பிரிட்டனின் குடியேற்ற நாடாக இருந்த ரொடீசியா. 1965 நவம்பர் 11 அன்று அங்கிருந்த சிறுபான்மை வெள்ளையர் அரசு தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தது. ரொடீசியாவுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இன்னும் தனக்கே என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உடனே சட்டம் போட்டது. குடியேற்ற நாடுகளின் மேல்முறையீடுகளை விசாரித்த, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் அது செல்லும் என்றது. சட்டம் லண்டனில் இருந்தது. போலீஸ், வரி, சிறை எல்லாம் ரொடீசியத் தலைநகர் சாலிஸ்பரியில் இருந்தன. 1979 டிசம்பரில் பிரிட்டிஷ் ஆளுநர் பொறுப்பேற்கும் வரை இந்த இடைவெளி நீடித்தது. 1980இல் அது ஜிம்பாப்வேயாக விடுதலை பெற்றது. வரம்பற்ற சட்ட இறையாண்மை என்பது பணிவதற்கு ஆள் இருக்கும் வரைதான் என்பதை ஆஸ்டின் அன்றே உணர்ந்திருந்தார். வழக்கமாகப் பணிதல் என்ற சொற்களை அவர் காரணத்தோடுதான் சேர்த்தார்.

கூட்டாட்சி, உள்நாட்டு இறையாண்மை, வெளிநாட்டு இறையாண்மை போன்றவற்றை இங்கே விரித்தால் பதில் திசைமாறும். ஆனால் கனடாவை விட்டுவிட மனமில்லை. 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 33ஆவது பிரிவு, சில உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று சட்டமன்றம் அறிவித்துக்கொள்ள இடம் தருகிறது. அறிவிப்பு ஐந்தாண்டுகளில் தானாகக் காலாவதியாகும். வேண்டுமானால் மீண்டும் அறிவிக்க வேண்டும். ஒரு சட்டமன்றத்தின் உச்ச ஆயுளும் ஐந்தாண்டுதான் என்பதால் இடையில் தேர்தல் ஒன்று வந்தே தீரும். வாக்குரிமை போன்ற சில உரிமைகளை இந்தப் பிரிவால் தொட முடியாது. நீதிமன்றம், நாடாளுமன்றம், வாக்காளர் மூவரில் எவருக்கும் நிலையான கடைசிச் சொல் இல்லாதபடி செய்த இந்த ஏற்பாட்டின் அறிவுக்கூர்மையை நான் மதிக்கிறேன். மத அடையாளங்கள் பற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கியூபெக் மாகாணம் இதைப் பயன்படுத்திய விதத்தைப் பார்க்கும்போது, சிறுபான்மையினருக்கு இது போதிய காப்பு அல்ல என்ற கவலையும் கூடவே வருகிறது.

உறுதியானவை, உறுதியற்றவை என்று நான் பிரித்ததில் மிகப் பெரிய ஐயத்தைக் கடைசிக்கு வைத்தேன். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு இந்த இறையாண்மையைக் கொடுத்தது யார்? நாடாளுமன்றமே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு முன்பே அதிகாரம் இருந்திருக்க வேண்டும். நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட பொதுச்சட்ட விதிதான், அதாவது தீர்ப்புகள் வழியே உருவான விதிதான், அது என்றால், அவர்களால் அதை மாற்றவும் முடியும். அது அரசியல் வரலாறு நிறுவிய உண்மை என்றால், நீதிபதிகள் கைவைக்க முடியாது. 2005இல் வேட்டைத் தடைச் சட்டம் பற்றிய வழக்கில் சில நீதிபதிகள், நீதிமன்ற மறுஆய்வையே ஒழிக்கும் சட்டம் வந்தால் அதை ஏற்க மறுக்க நேரலாம் என்று குறிப்பிட்டார்கள். அது தீர்ப்பின் பகுதி அல்ல, போகிற போக்கில் சொன்ன கருத்து. சட்டவியலால் இதற்கு முன்கூட்டியே விடை சொல்ல முடியாது; அப்படியொரு சட்டம் வரும் நாளில் நீதிபதிகள், அதிகாரிகள், மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதே விடையாக இருக்கும்.

தேர்வைப் பொறுத்தவரை, கேள்வி எந்த நாட்டைப் பற்றியது என்று முதலில் பாருங்கள். பிரிட்டன் என்றால் சட்ட இறையாண்மை நாடாளுமன்றத்திடம், அரசியல் இறையாண்மை வாக்காளரிடம் என்று எழுதி, 1716ஐயும் 2017ஐயும் சான்றாகக் கொடுங்கள். இந்தியா என்றால் இறையாண்மையின் மூலம் மக்கள், அதன் சட்ட வடிவம் அரசியலமைப்பு, நாடாளுமன்றம் அதற்குள் இயங்கும் அமைப்பு என்று எழுதி 1964, 1973, 1980 மூன்றையும் வரிசையாக விளக்குங்கள். நாடு குறிப்பிடாமல் பொதுவாகக் கேட்டால், வகைகளை எழுதிவிட்டு ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.